கறார் பெட்டி

"அண்ணி, உங்க பெட்டி மறுபடியும் இல்லைன்னுடுச்சு."

"எவ்வளவு கேட்டே?"

"மூணு டெராபைட் இடம். வியாழக்கிழமைப் பாலத்துக்கு."

"இல்லைன்னா இல்லைதான்."

"அது எனக்குத் தெரியாதா? ஏன் இல்லைன்னு கேக்கறேன். மண் பிரிவு ஃபைலைப் பார்த்தேன். ரெண்டு டெரா பிடிச்சு வெச்சிருக்காங்க, உள்ள ஒரு எழுத்து கிடையாது. சுரங்கப் பிரிவும் அதே கதை. எல்லாம் காத்து வாங்கிட்டுக் கிடக்கு."

"காத்து வாங்கட்டும். அவங்க துண்டு போட்டு வெச்ச இடம்."

"துண்டுதானே? எடுத்து அந்தப் பக்கம் போட்டா ஆச்சு."

"பஸ்ல நீ அப்படித்தான் பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். இங்க நடக்காது."

அண்ணி ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினாள். சர்வர் அறைக் குளிரில் வருடம் முழுவதும் ஸ்வெட்டர் போட வேண்டியிருந்தது. வாசலில் நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அண்ணியின் கணவருக்குச் சொந்தத் தங்கை. வீட்டில் கீழ்த்தளம் அண்ணிக்கு, மேல்தளம் நாத்தனாருக்கு. அலுவலகத்தில் இருவருக்கும் ஒரே மாடி.

பாலம், சுரங்கம், கோபுரம் எதைக் கட்டினாலும், மக்கள் புழங்கும் முன் சோதித்துப் பார்த்துச் சான்று கொடுக்கும் அலுவலகம் அது. ஒவ்வொரு பிரிவும் எடுக்கும் அளவுகளெல்லாம் கேபிள் வழியாக ஓடிவந்து சேரும் இடம் அண்ணியின் சர்வர். ஆறு வருடத்துக்கு முன் ஒவ்வொரு டிஸ்க்கையும் அவளே பொருத்தி, அதற்குள் ஓடும் மென்பொருளையும் அவளே வரி வரியாகச் சீர்செய்து வைத்தாள். அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. எழுதத் தொடங்கும் முன்பே, "எனக்கு இவ்வளவு இடம் பிடித்து வை" என்று யாரும் கேட்கலாம். இடம் இருந்தால் ஒதுக்கிவிட்டுத்தான் சரி என்னும். அதன் பிறகு அந்த இடம் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் வேறு யாரும் விரல் வைக்க முடியாது. இடம் இல்லையென்றால் கேட்ட அந்த நொடியிலேயே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். அதனால் அலுவலகமே அதற்குக் கறார் பெட்டி என்று பெயர் வைத்திருந்தது.

"பெட்டியும் உங்களை மாதிரிதான் அண்ணி. கேட்டா இல்லைங்கும். ஏன்னு கேட்டா அதுக்கும் பதில் இல்லைங்கும்."

"எங்க அம்மா வீட்டுச் சீதனம்டி அது. உங்க அண்ணன் வாயிலேருந்து இதுவரைக்கும் ஒரு இல்லை வந்திருக்கா? எதைக் கேட்டாலும் ஆகட்டும், ஆகட்டும். மாடிக் குழாய் ஒழுகுது, ஆகட்டுங்கறாரு. எத்தனை மாசமாச்சு?"

"எங்க அண்ணனைச் சொல்லாதீங்க."

"அப்ப என் பெட்டியைச் சொல்லாதே."

வியாழக்கிழமை விஷயம் சாதாரணமானதல்ல. ஆற்றின் குறுக்கே புதுப்பாலம். ஜல்லி ஏற்றிய முப்பத்தாறு லாரிகளை வரிசை வரிசையாக அதன்மேல் ஏற்றி நிறுத்தி, பிறகு வரிசை வரிசையாக இறக்க வேண்டும். பாலத்தின் வயிற்றில் ஐந்நூற்று அறுபது உணர்கருவிகள். ஒவ்வொன்றும் நொடிக்கு இருபதாயிரம் தடவை அளவு சொல்லும். காலை ஏழிலிருந்து மாலை நான்கு வரை அதை விடாமல் வாங்கி எழுதும் பதிவு புரோகிராமை எழுதியவள் நாத்தனார். பதிவு நடுவில் அறுந்தால் ஒட்டுப்போட முடியாது. சோதனை செல்லாது. லாரிகளும் கிடைக்காது, திறப்பும் தள்ளிப்போகும். பாலத்துக்கு அக்கரையில் இருப்பவர்கள் இரண்டு வருடமாகச் சுற்றுவழியில் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

தலைமை இன்ஜினியருக்குப் பொறுமை குறைவு.

"இருபது டெரா பெட்டியை வெச்சுக்கிட்டு மூணு டெரா இல்லைன்னா என்னம்மா அர்த்தம்?"

"எல்லாம் பேசி முடிஞ்ச இடம் சார்."

"சரி, விடுங்க. பரீட்சை பண்ணிப் பாருங்கன்னு ஒரு கம்பெனி புதுப் பெட்டி அனுப்பியிருக்கான். நாலு டெரா. பாலத்தை அதுல எழுதிக்கலாம். அது ஒழுங்கா வேலை செஞ்சா, வெள்ளிக்கிழமையே அதுல பெரிசா ஒண்ணுக்கு ஆர்டர் போட்டு, உங்க பெட்டியை அணைச்சுடலாம். தினம் ஒருத்தர் வந்து புகார் சொல்றாங்க, எனக்குக் காது வலிக்குது."

அண்ணி ஸ்வெட்டர் பொத்தானை ஒருமுறை திருகினாள்.

செவ்வாய்க்கிழமை காலை புதுப் பெட்டி மேஜைமேல் நீல விளக்கோடு உட்கார்ந்திருந்தது. நாத்தனார் தன் புரோகிராமை அதோடு பேசவிட்டாள். "மூணு டெரா பிடிச்சு வை" என்று கேட்டதற்கு, அப்படி ஒரு வேண்டுகோளே எனக்குத் தெரியாது என்று பதில் வந்தது. அதற்கெல்லாம் அசருகிறவளா அவள்? இடம் பிடிக்கத் தெரியாத பெட்டிகளுக்கென்று புரோகிராமில் ஏற்கெனவே ஒரு குறுக்கு வழி வைத்திருந்தாள். முதலில் மூன்று டெராவையும் வெறும் பூஜ்யமாக எழுதி நிரப்பிவிடுவது, பிறகு உண்மையான அளவு வரவர பூஜ்யத்தின்மேல் எழுதிக்கொண்டு போவது. ஆள் வரும்வரை நாற்காலியில் பையை வைத்திருப்பது போல.

ஒரு மணி நேரத்தில் நிரப்பி முடிந்தது. திரையில் ஃபைலின் அளவு மூன்று டெரா என்று எழுத்துப் பிசகாமல் நின்றது.

"பார்த்தீங்களா அண்ணி? ஒரு முணுமுணுப்பு கிடையாது. கேட்டதும் வழி விட்டுச்சு."

"உங்க அண்ணன் ஜாதகம் போல இருக்கு."

"பொறாமை."

"ஆமாண்டி, டப்பாமேல எனக்குப் பொறாமை."

அன்று மாலை வீட்டில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் தட்டு வைத்ததைப் பார்த்து மாமியார் கேட்டார், "என்ன சண்டை?"

"ஒண்ணுமில்லம்மா. அண்ணியோட பெட்டியைத் தூக்கப் போறாங்க. அதுக்கு நான்தான் காரணம்னு அண்ணி நினைக்கிறாங்க."

"நான் அப்படி நினைக்கல அத்தை. வாய்விட்டே சொன்னேன்."

"எனக்கு ரெண்டு பெட்டியும் ஒண்ணுதான். ஆறிப்போகுது, உக்காருங்க."

அண்ணியின் கணவர் எதற்கும் இருக்கட்டும் என்று தலையை ஆட்டிவைத்தார்.

புதன்கிழமை மதியம் வீடியோக்காரர் உள்ளே வந்தார். பாலத்தை மேலேயிருந்தும் கீழேயிருந்தும் படமெடுக்கும் மனிதர். கழுத்தில் இரண்டு கேமரா, முகத்தில் புதுமாப்பிள்ளைக் களை.

"மேடம், புதுப் பெட்டி பிரமாதம்! மூணு வாரமா எடுத்த படமெல்லாம் கார்டு கார்டாக் கையில வெச்சுக்கிட்டுத் தவிச்சேன். கறார்ல கேட்டா இல்லைன்னுடும். இது அப்படியே முழுங்கிடுச்சு. ரெண்டு டெரா!"

"எவ்வளவு?" என்றாள் அண்ணி.

"ரெண்டு. கொஞ்சம் கூடவே இருக்கும்னு வெச்சுக்குங்களேன்."

"கார்டெல்லாம்?"

"அழிச்சுட்டேன். நாளைக்கு எடுக்கணுமே."

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் திரையைப் பார்த்தாள்.

"என் மூணு டெரா அப்படியேதான் இருக்கு அண்ணி. இதோ பாருங்க, மூணு."

"சரி. உன் மூணு, அவர் ரெண்டு. பெட்டி எத்தனை?"

"நாலு."

"கூட்டு."

நாத்தனார் கூட்டவில்லை. கூட்டத் தேவையில்லாத கணக்கு. வீடியோக்காரர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் அப்புறம் வரேன்" என்று நழுவப் பார்த்தார்.

"நீங்க நில்லுங்க. உங்க மேல தப்பு ஒண்ணுமில்ல," என்றாள் அண்ணி. பிறகு மெதுவாக, "ஃபைல் எவ்வளவு நீளம்னு கேக்காதே. டிஸ்க்ல எவ்வளவு இடத்தை அடைச்சிருக்குன்னு கேளு."

நாத்தனார் வேறொரு கட்டளையைத் தட்டினாள். பதில் வந்தது. மூன்று டெரா நீளமுள்ள ஃபைல் டிஸ்க்கில் அடைத்திருந்த இடம், ஒரு கைப்பேசிப் படத்துக்குக்கூடப் போதாது.

"என்னை மட்டம் தட்டத்தானே காத்திருந்தீங்க?" நாத்தனாரின் குரல் உயர்ந்தது. "நேத்தே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

"எனக்கு நேத்து தெரியாது. தெரிஞ்சிருந்தா நேத்தே கத்தியிருப்பேன். நான் எதையாவது கத்தாம விட்டு நீ பார்த்திருக்கியா?"

அது உண்மைதான். நாத்தனார் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பிழிஞ்சிருக்கு அண்ணி."

"என்ன?"

"பூஜ்யத்தை. வர்றதையெல்லாம் சுருக்கி வைக்கிற பெட்டி இது. நான் கோடி கோடியாப் பூஜ்யம் கொட்டினேன். இது அத்தனையையும் மடிச்சு, இங்கேருந்து இதுவரைக்கும் பூஜ்யம்னு ஒரு சீட்டு எழுதி வெச்சுக்கிட்டுது. படிச்சுக் கேட்டா சரியாப் பூஜ்யத்தைக் காட்டும். ஆனா இடம்னு ஒண்ணு பிடிக்கவே இல்ல."

"உண்மையான அளவு வர ஆரம்பிச்சா?"

"அது சுருங்காது. மிச்சம் இருக்கிற ரெண்டு டெரா நிரம்புறவரைக்கும் ஓடும். அப்புறம்..." அவள் மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். "ஒரு மணி. மதியம் ஒரு மணிக்கு நிக்கும்."

ஒரு மணிக்கு முப்பத்தாறு லாரிகளும் பாலத்தின் மேல் நின்றிருக்கும்.

நாத்தனார் எழுந்தாள். தலைமுடியைச் சேர்த்து முடிந்தாள்.

"எங்கடி போறே?"

"சீஃப் சார்கிட்ட."

"நானும் வரேன்."

"வாங்க. ஆனா பேசுறது நான்."

தலைமை இன்ஜினியர் லாரிகளின் வரிசைப் படத்தை மேஜையில் விரித்து வைத்திருந்தார்.

"சார், நாளைக்குப் புதுப் பெட்டியில எழுத முடியாது. தப்பு என்னோடது."

"பெட்டி கோளாறா?"

"பெட்டி மேல பழி போட மாட்டேன். இடம் பிடிக்கத் தெரியாதுன்னு அது நேராவே சொல்லுச்சு. நான்தான் கெட்டிக்காரத்தனமா சுத்தி வந்து பூஜ்யத்தை ரொப்பினேன். ஃபைலோட நீளத்தைப் பார்த்து இடம் கிடைச்சுடுச்சுன்னு நம்பினேன். கிடைக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு அண்ணியிடம், "சரி. உங்க பெட்டியில மண் பிரிவு இடத்தை எடுத்துக் குடுங்க. அவங்கதான் எழுதவே இல்லையாமே."

"ஒரு நிமிஷ வேலை சார். செய்ய மாட்டேன்."

"உத்தரவுன்னு சொன்னா?"

"உத்தரவு போட்டா என் பெட்டி குடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கும்னா, நாளைக்கு உங்க பாலத்துக்குக் குடுக்குற வாக்கும் அப்படித்தானே? மதியம் ஒரு மணிக்கு இன்னொருத்தர் உத்தரவோட வந்தா நான் என்ன பண்றது?"

நாத்தனார் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அதே வார்த்தைகளை அண்ணி வீட்டில் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது நக்கல் அடித்திருப்பாள். இப்போது அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

"அப்ப என்னதான் வழி?" என்றார் அவர்.

"யார் இடமோ அவங்ககிட்டயே கேக்கறோம்," என்றாள் நாத்தனார். "அஞ்சு மணிக்குள்ள."

மண் பிரிவு தரைத்தளத்தில் இருந்தது. அங்கே ஒரே ஆட்சி, எல்லோரும் மண்ணம்மா என்று கூப்பிடும் பெண்மணி. தட்டு தட்டாகக் காயவைத்த மண்ணுக்கு நடுவில் நின்றார்.

"என்ன, அண்ணியும் நாத்தியும் ஜோடியா? பூமி புரளப் போகுதா?"

"ரெண்டு டெரா வேணும்மா. உங்க இடம். நாளைக்குப் பாலத்துக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதிவை டேப்புக்கு மாத்திட்டுத் திருப்பித் தந்துடறேன்."

"எனக்குத் திங்கக்கிழமைதான் வேணும். ஆனா ஒண்ணு கேக்கறேன். அது சும்மாதானே கிடந்துச்சு? உங்க அண்ணி நினைச்சிருந்தா எனக்குத் தெரியாமலே எடுத்திருக்கலாமே?"

"எடுக்கல. சீஃப் சார் சொல்லியும் எடுக்கல."

"அதனாலதான் தர்றேன்," என்றார் மண்ணம்மா. கையைத் துடைத்துக்கொண்டு கணினியில் தன் இடத்தை அவரே விட்டுக்கொடுத்தார். "எடுத்துட்டு வந்து கேட்டிருந்தீங்கன்னா, இந்தத் தட்டு பறந்திருக்கும்."

சுரங்கக்காரர் அவ்வளவு சுலபமாக மசியவில்லை.

"என் சுரங்கத்துல தண்ணி கசியுதும்மா. என்னைக்கு அளவு எடுக்கணும்னு எனக்கே தெரியாது. அதுக்குத்தான் முன்கூட்டியே பிடிச்சு வெச்சேன்."

"ஒண்ணு மட்டும் குடுங்க சார். ஒண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நாளைக்கே கசிஞ்சா?"

"உங்க கையில இருக்கிற ஒண்ணை யாரும் தொட முடியாது. அதுக்கு நான் பொறுப்பு," என்றாள் நாத்தனார். அவள் பொறுப்பேற்றது அண்ணியின் பெட்டிக்கு. அண்ணி அதைக் கவனித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நாத்தனார் மறுபடியும் கறார் பெட்டியிடம் மூன்று டெரா கேட்டாள். பதில் வர ஒரு மூச்சுகூட ஆகவில்லை.

"சரின்னுடுச்சு அண்ணி."

"அடைச்ச இடம்?"

"மூணு. நீளமும் மூணு, அடைச்சதும் மூணு."

"அப்ப வீட்டுக்குப் போலாம்."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் பதிவு தொடங்கியது. தலைமை இன்ஜினியர் ஆற்றங்கரையில். ஒலிபெருக்கியில் போட்ட தொலைபேசி வழியாக அவர் குரல் வந்துகொண்டிருந்தது. "முதல் வரிசை ஏறுது... ரெண்டாவது..." நாத்தனார் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐந்நூற்று அறுபது கோடுகளும் ஒன்றோடொன்று உரசாமல் ஓடின. பாலம் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு இழை தணிந்தது. பன்னிரண்டாவது வரிசை நின்றபோது நடுப்பகுதி இருபத்திரண்டு மில்லிமீட்டர் கீழே இருந்தது.

மணி ஒன்று. ஒன்று இருபது. பதிவு ஓடியது. நாத்தனார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்க மறந்து, மூடி வைத்தாள்.

ஒன்றரைக்கு இன்னொரு தொலைபேசி அலறியது. காற்றுப் பிரிவின் தலைவர்.

"மேடம், கோபுரத்துல புயல் காத்து அளவு வருது. அரை டெரா எழுதணும். உங்க பெட்டி இல்லைங்குது!"

"ஆமா சார். இல்லை," என்றாள் அண்ணி.

"பொய் சொல்லாதீங்க. பாலத்து ஃபைல்ல இன்னும் ஒரு டெரா எழுதாமக் கிடக்கு. நான் பார்த்துட்டேன்."

"கிடக்கு. அது பாலத்தோட இடம். உங்களுக்குன்னு ஒரு டெரா முன்னாடியே பிடிச்சீங்களே, அது அப்படியே இருக்குதா?"

"அது... அது நேத்தே ரொம்பிடுச்சு."

"நீங்க பிடிச்சதை யாராவது தொட்டாங்களா?"

"தொடல."

"இதையும் தொட முடியாது. உங்க பிரிவுல பழைய கோடைக்கால ஃபைல் நாலு கிடக்கு, உங்க பேர்லயே. வேண்டாததை அழிச்சா அரை டெராவுக்கு மேல வரும். அழிச்சதும் கேளுங்க, பெட்டி உடனே தரும்."

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. பத்து நிமிடத்தில் கறார் பெட்டி காற்றுப் பிரிவுக்கு அரை டெரா கொடுத்த குறிப்பு திரையில் ஓடியது. பாலத்தின் கோடுகள் அசையவில்லை.

பிறகு லாரிகள் இறங்கத் தொடங்கின. சோதனையின் உயிரே இங்கேதான். சுமை போனதும் பாலம் தன் இடத்துக்குத் திரும்புகிறதா, எங்காவது சுணங்குகிறதா என்பதைச் சொல்லப்போவது இந்தக் கடைசி இரண்டு மணி நேரம். இருபத்திரண்டு. பதினேழு. ஒன்பது. நான்கு. கடைசி லாரி கரையேறியபோது மூன்றேமுக்கால். எல்லோரும் பார்க்க, நடுப்பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்து, அங்கிருந்து சோம்பல் முறிப்பதுபோல இன்னும் கொஞ்சம் எழுந்து நின்றது.

நான்கு மணிக்கு நாத்தனார் பதிவை முடித்தாள்.

"முழுசா இருக்கா?" ஒலிபெருக்கியில் தலைமை இன்ஜினியர் கேட்டார்.

"ஒன்பது மணி நேரம் சார். ஒரு புள்ளி விடல."

ஆற்றங்கரையில் யாரோ விசில் அடித்தார்கள். லாரிக்காரர்களாக இருக்கும். தலைமை இன்ஜினியர் தொடர்ந்தார்.

"அந்தப் புதுப் பெட்டியை வீடியோக்காரருக்கே குடுத்துடுங்க. அதுக்குப் படம்தான் லாயக்கு. கறாரை யாரும் அணைக்க வேண்டாம். அடுத்த மாசம் ரயில் பாலம் வருது, அதுக்கும் ஆறு டெரா..."

"இப்ப இல்லை சார்," என்றாள் நாத்தனார், அண்ணி வாயைத் திறக்கும் முன்பே. "இருபது இன்னும் இருபதுதான். டிஸ்க் வாங்கிக் குடுங்க, அண்ணி போட்டுத் தருவாங்க. எங்க அண்ணி பெட்டி சார் அது. இருக்குன்னு சொன்னா இருக்கு."

தொலைபேசி அணைந்ததும் அண்ணி கேட்டாள், "என்னடி சொன்னே?"

"என்ன சொன்னேன்?"

"எங்க அண்ணியா?"

"பின்ன பக்கத்து வீட்டு அண்ணியா? வீட்டுல போய் இதைச் சொல்லிக் காட்டாதீங்க. அம்மாவுக்குத் தலைகால் புரியாது."

அவள் கிளம்பவில்லை. தன் புரோகிராமைத் திறந்து, பூஜ்யம் நிரப்பும் அந்தக் குறுக்கு வழியைத் தேடிப்பிடித்தாள். நாற்பது வரி. அவள் பெருமையாக எழுதியிருந்த நாற்பது வரி. அத்தனையையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். அந்த இடத்தில் நாலே வரி எழுதி, புதுப் பெட்டியோடு இணைத்து ஓட்டிப் பார்த்தாள். திரையில் வந்தது:

"இந்தச் சர்வருக்கு இடம் பிடிக்கத் தெரியாது. பதிவைத் தொடங்க மாட்டேன்."

அண்ணி அவள் தோளுக்கு மேலே குனிந்து அதை இரண்டு முறை படித்தாள்.

"உன் புரோகிராமும் கறாராயிடுச்சே."

"ஆயிடுச்சுதான்."

"என்கிட்டேருந்து ஒட்டிக்கிட்டுதுன்னு சொல்லேன்."

"சொல்ல மாட்டேன். நாலு வரியும் நான் எழுதினது."

"நல்லா எழுதியிருக்கே," என்றாள் அண்ணி.

நாத்தனார் அந்த நாலு வரியையும் சேமித்துவிட்டு, இன்னொரு தடவை ஓட்டிக் காட்டினாள்.